தீபாவளிக் குலுக்கலும் 22,000 நம்பர்களும்: தி.நகர் கடைக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டவர் தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: "தீபாவளிக்கு 3,000 ரூபாய்க்கு மேல் துணி எடுப்பவர்களுக்கு ஒரு கூப்பன். குலுக்கலில் முதல் பரிசு ஸ்கூட்டர், இன்னும் பத்துப் பேருக்குத் தங்க நாணயம். எங்கள் பில்லிங் மென்பொருளில் நாலு வருடமாகச் சேர்ந்த 22,000 நம்பர்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் அனுப்ப ஒரு ஏஜென்ட் ரேட் பேசியிருக்கிறார். இன்ஸ்டாகிராமில் இரண்டு பேரை வைத்து ரீல்ஸும் போடப்போகிறோம். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று கீழே போட்டுவிட்டால் போதும் என்கிறார் ஏஜென்ட். போதுமா? கூப்பன் அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது."

போதாது. இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், நீங்கள் திட்டமிட்டிருக்கும் குலுக்கலை இந்த மாநிலத்தில் நடத்தவே முடியாது. எந்த நிபந்தனை வரியும் அதைக் காப்பாற்றாது. செய்திகளும் ரீல்ஸும் வேறு விஷயம். அவற்றைச் செய்யலாம், ஆனால் ஏஜென்ட் சொல்லும் வழியில் செய்யக்கூடாது. சென்னையில் கடைகளுக்கும் விளம்பர ஏஜென்சிகளுக்கும் இந்தச் சட்ட வேலையைப் பதினாலு வருடமாகச் செய்கிறேன். ஒவ்வொரு ஆடிக்கும் தீபாவளிக்கும் இதே கேள்வி வரும். பெரும்பாலும் கூப்பன் அச்சான பிறகுதான் வரும். நீங்கள் விநியோகிக்கும் முன்பே கேட்டுவிட்டீர்கள், அதுவே நல்லது.

முதலில் குலுக்கல். பத்திரிகை விளம்பரத்தின் அடியில், டி.வி. விளம்பரத்தின் கடைசி நொடியில், 'இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி வரும், கவனித்திருப்பீர்கள். கூகுள் பே ஸ்கிராட்ச் கார்டு விதிகளிலும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இல்லை என்று எழுதியிருந்தது. நாட்டுக்கே பொதுவாக அறிவிக்கிற பரிசில் நம்மை மட்டும் ஏன் ஒதுக்குகிறார்கள் என்று பலருக்குக் குறை. கம்பெனிகள் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. 1979-ல் நம் சட்டமன்றம் கொண்டுவந்த தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதற்குப் பயந்துதான் அந்த வரி.

அந்தச் சட்டம் எதைத் தடுக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கூப்பனை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கும். கடையிலோ வேறு இடத்திலோ பொருள் வாங்கியவர்களிலிருந்து, சீட்டுப் போட்டோ, குலுக்கியோ, 'வேறு எந்த முறையிலோ' ஒருவரையோ சிலரையோ தேர்ந்தெடுத்துப் பணமோ பொருளோ பரிசாகத் தருவதாகச் சொன்னால், அது பரிசுத் திட்டம். அப்படி ஒன்றை நடத்துவதே குற்றம். ஏமாற்றினால்தான் குற்றம் என்றில்லை. நீங்கள் சொன்னபடி ஸ்கூட்டரை நிறுத்தி, மேடை போட்டு, எல்லார் முன்னாலும் குழந்தை கையால் சீட்டு எடுத்து, நாணயமாகக் கொடுத்தாலும் குற்றம்தான். நல்ல மனதோடு செய்கிற கடைக்காரர்கள் இதைக் கேட்டதும் அதிர்ச்சி அடைகிறார்கள். "நான் யாரையும் ஏமாத்தலையே சார்" என்பார்கள். உண்மைதான். ஆனால் சட்டம் பார்ப்பது அதை இல்லை. ஸ்கூட்டர் கிடைக்கும் என்ற ஆசையில் தேவைக்கு மேல் வாங்க வைப்பதைத்தான் அது தடுக்கிறது. 2,400 ரூபாய்க்குத் துணி எடுத்த ஒரு அம்மா, கூப்பனுக்காக இன்னும் 600 ரூபாய்க்கு எதையாவது எடுக்கிறார் பாருங்கள், அந்த 600 ரூபாய்தான் சட்டத்தின் கவலை. லாட்டரிச் சீட்டால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்து 2003-ல் லாட்டரி விற்பனையையே தடை செய்த மாநிலம் இது. அந்தப் பின்னணியில் பார்த்தால் எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் குறை சொல்லத் தோன்றவில்லை.

இதற்கு மேல் மத்திய சட்டங்களும் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-வது பிரிவு, அரசு நடத்தாத லாட்டரியைத் தடுக்கிறது. சீட்டு எடுப்பதைப் பொறுத்துப் பணமோ பொருளோ தருவதாக விளம்பரம் செய்தாலே 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294ஏ என்று இருந்தது இதுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல், விற்பனையை உயர்த்துவதற்காக நடத்தும் போட்டி, லாட்டரி, அதிர்ஷ்ட விளையாட்டு எல்லாம் 'நியாயமற்ற வணிக முறை' என்ற விளக்கத்துக்குள் வருகின்றன. பரிசு தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் இருப்பதும், 'இலவசம்' என்று சொல்லிவிட்டு அதன் விலையைப் பொருளின் விலையில் ஏற்றுவதும், முடிவை அறிவிக்காமல் மறைப்பதும் அதே விளக்கத்தில் இருக்கின்றன.

இந்த 'இலவசம்' விஷயத்தில் ஒரு வழக்கு எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2007-ல் கோன் பனேகா குரோர்பதி நிகழ்ச்சியோடு பார்வையாளர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். கேள்விக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் பதில் அனுப்ப வேண்டும். சரியான பதில்களிலிருந்து ஒருவருக்குப் பரிசு. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 2.40 ரூபாய். பங்கேற்பு இலவசம் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டு, பரிசுப் பணத்தை எஸ்.எம்.எஸ். கட்டணத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஸ்டார் இந்தியாவுக்கும் ஏர்டெல்லுக்கும் ஒரு கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை ரத்து செய்தது. எஸ்.எம்.எஸ். வருமானத்திலிருந்துதான் பரிசு கொடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது காரணம். பன்னிரண்டு வருடம் நடந்த சண்டை. பரிசுச் செலவு எந்தக் கணக்கிலிருந்து போனது என்ற ஒரே கேள்வியில் அது நின்றது. பரிசு என்ற சொல்லை விளம்பரத்தில் போடுகிற எந்தக் கடையும் அந்தக் கணக்கைத் தனியாக எழுதி வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? எல்லாருக்கும் கொடுங்கள். ஸ்கூட்டருக்கும் நாணயங்களுக்கும் சேர்த்து மூன்று லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய்க்கு மேல் 5,000 பில் எதிர்பார்த்தால், பில்லுக்கு 60 ரூபாய் வருகிறது. மொத்தமாக எடுத்தால் அதற்கு நல்ல பிளவுஸ் பிட் கிடைக்கும், காட்டன் துண்டு கிடைக்கும். 3,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று நிச்சயம் என்று சொல்லுங்கள். தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே இல்லாததால் 1979 சட்டம் இதைத் தொடாது. விலையை ஏற்றிவிட்டுக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். ஏஜென்ட் "ஸ்கூட்டர்னாதான் சார் கூட்டம் வரும்" என்பார். தி.நகரில் தீபாவளிக்குக் கூட்டம் வர ஸ்கூட்டர் தேவையில்லை. வந்த கூட்டம் அடுத்த பொங்கலுக்கும் உங்கள் கடைப் படி ஏற வேண்டும், அதற்குக் கையில் கிடைத்த துண்டுதான் உதவும்.

ஸ்கிராட்ச் கார்டு கொடுக்கலாமா, எல்லாருக்கும் ஏதாவது விழும், சிலருக்கு மட்டும் பெரிதாக விழும் என்று அடுத்து கேட்பீர்கள். நான் சரி என்று சொல்ல மாட்டேன். யாருக்கு 50 ரூபாய், யாருக்கு 5,000 ரூபாய் என்பதை அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறதே. 'வேறு எந்த முறையிலோ' என்ற சொற்கள் அதையும் இழுத்துக்கொள்ளும். வாங்காதவர்களும் பெட்டியில் பெயர் எழுதிப் போடலாம் என்று ஒரு வழி திறந்துவைக்கும் யோசனையும் வெளிநாட்டு விளம்பரங்களைப் பார்த்து வருகிறது. வாங்கியவர்களும் அதே பெட்டியில் இருக்கும்போது அதை நம்பி இறங்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

திறமைப் போட்டி வேண்டுமானால் யோசிக்கலாம். கோலப் போட்டி, குழந்தைகள் ஓவியப் போட்டி போன்றவை. வாங்கினால்தான் கலந்துகொள்ளலாம் என்று இருக்கக்கூடாது, நுழைவுக் கட்டணம் கூடாது, நடுவர்கள் யார், எதை வைத்து மதிப்பெண் என்று முன்பே எழுதி ஒட்ட வேண்டும், முடிவை விளம்பரம் செய்த அதே இடத்தில் வெளியிட வேண்டும். இதிலும் முழுப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நுகர்வோர் சட்டத்தின் அந்தப் பிரிவு திறமைப் போட்டியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் விற்பனையோடு முடிச்சுப் போடாமல், தெருவுக்கே பொதுவாக நடத்தினால் நிலைமை வெகுவாக மாறுகிறது. குழந்தைகள் போட்டி என்றால் படிவத்தில் பெற்றோர் பெயரும் கையெழுத்தும் பெற்றோரின் நம்பரும் மட்டும் இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை என்று புதிய தரவுச் சட்டம் சொல்கிறது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போட்டிப் பரிசு என்றால் வருமான வரி 30 சதவீதம் பிடிக்க வேண்டும். பரிசு பொருளாக இருந்தால், அதைக் கையில் கொடுக்கும் முன் வரி கட்டியாகிவிட்டதா என்று பார்ப்பது கொடுப்பவர் பொறுப்பு. 95,000 ரூபாய் வண்டி என்றால் 28,500 ரூபாய் வரி. வண்டிச் சாவியை வாங்க மாலையோடு வந்தவரிடம் மேடையில் இதைச் சொன்ன ஒரு கடையை நான் பார்த்திருக்கிறேன், அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பரிசாகக் கொடுத்த பொருளுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவும் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காது. வாங்குபவர் எல்லாருக்கும் தரும் துண்டுக்கு எப்படி என்று ஆடிட்டரிடம் கேட்டுவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பக்கத்துக் கடைகளில் நடக்கும் தீபாவளிச் சீட்டில் மாதாமாதம் குலுக்கல், விழுந்தால் மீதித் தவணை கட்ட வேண்டாம் என்பது. அதைப் பார்த்துத் தொடங்கிவிடாதீர்கள். தவணை வாங்கிக்கொண்டு குலுக்கலில் பரிசு தருவதை 1978-ன் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் நாடு முழுக்கத் தடுத்திருக்கிறது. அதில் சிறைத் தண்டனை மூன்று வருடம் வரை போகும்.

சரி, இப்போது அந்த 22,000 நம்பர்கள். எனக்கு இதில்தான் அதிக அக்கறை.

அந்த நம்பர்கள் எப்படிச் சேர்ந்தன என்று நினைத்துப் பாருங்கள். ரங்கநாதன் தெருவில் பண்டிகை நேரத்து பில் கவுன்டர். பின்னால் முப்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கவுன்டரில் இருக்கும் பையன் நிமிராமல் "நம்பர் சொல்லுங்க" என்கிறான். ஒரு பெண் தயங்கி, மெதுவாகச் சொல்கிறாள். சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க மேடம்" என்கிறான். அவள் பத்து இலக்கத்தையும் முப்பது பேர் காதில் விழும்படி சொல்கிறாள், அவனும் சரிபார்க்க ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்கிறான். பில் போட நம்பர் கட்டாயம் என்று அவள் நினைத்தாள். விளம்பரம் அனுப்பச் சம்மதம் என்று எங்கே சொன்னாள்? மொபைல் நம்பர் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைகள் சொல்வது நியாயமற்ற வணிக முறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது.

எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடை போன்ற தரவு வைத்திருப்பவர்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலாகின்றன. எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் நம்பரைப் பயன்படுத்த வேண்டும். வேறு எதற்கும் தனிச் சம்மதம் வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி வரை போகலாம். ஜவுளிக்கடைக்கு அவ்வளவு போடுவார்களா என்று சிரிக்கலாம். ஆனால் 22,000 பேர் பெயரும் நம்பரும் எவ்வளவுக்குத் துணி எடுத்தார்கள் என்பதும் இருக்கும் அந்த எக்செல் கோப்பை நீங்கள் ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகிறீர்கள், இல்லையா? அந்தக் கோப்பு அவரிடமிருந்து எத்தனை கடைக்குப் போகும் என்று யோசியுங்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

இப்போதிலிருந்து கவுன்டரில் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள். நான் கடைகளுக்கு எழுதித் தருவது இதுதான்: "புது வரவு, தள்ளுபடி பற்றி இந்தக் கடையிலிருந்து எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் பெற எனக்குச் சம்மதம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். நம்பர் தராவிட்டாலும் பில்லும் சலுகையும் உண்டு." கீழே நம்பர், தேதி, ஒரு டிக். எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தனித்தனிக் கட்டம். கடைசி வாக்கியத்தை ஏஜென்ட் எடுக்கச் சொல்வார், எடுக்காதீர்கள். அது இருந்தால்தான் மற்றது சம்மதம் ஆகும்.

எஸ்.எம்.எஸ். பக்கம் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிதான் ராஜா. 2018-ல் வந்த வணிகத் தகவல் தொடர்பு விதிமுறைகள், 2025 பிப்ரவரியில் இறுக்கப்பட்டன. வணிகச் செய்தி அனுப்புபவர்களைப் பதிவு செய்ய டெலிகாம் நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. தளத்தில் கடை தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். என்று யாருடைய தளத்திலும் செய்யலாம். பான், ஜி.எஸ்.டி. சான்றிதழ், அதிகாரக் கடிதம் கேட்பார்கள். அப்புறம் ஆறு எழுத்தோ எண்ணோ கொண்ட ஹெட்டர் (செய்தியில் அனுப்புநர் பெயராகத் தெரிவது) ஒன்று வாங்க வேண்டும். அனுப்பப்போகும் வாசகத்தை டெம்ப்ளேட்டாகப் பதிவு செய்ய வேண்டும். செய்தியில் இணைப்பு இருந்தால் அந்த முகவரியையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், பதிவாகாத இணைப்பு உள்ள செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். விளம்பரச் செய்தியின் ஹெட்டர் முடிவில் ஆங்கில 'பி' எழுத்து வரும். சேவைச் செய்திக்கு 'எஸ்', பரிவர்த்தனைக்கு 'டி', அரசுக்கு 'ஜி'. வாங்குபவர் ஒரு பார்வையில் இது விளம்பரம் என்று தெரிந்துகொள்ளலாம். இனி வேண்டாம் என்று சொல்ல ஒரு வழியும் செய்தியிலேயே இருக்க வேண்டும். அனுப்பும் நேரம் காலை 10 முதல் இரவு 9 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் வேண்டாம் என்பவர்களுக்கான டி.என்.டி. பட்டியலில் பதிந்தவர்களை அனுப்பும் முன் தளமே வடிகட்டிவிடும். பதிவான ஒப்புதல் தந்தவருக்கு மட்டும் அதைத் தாண்டிப் போகும். இதில் நல்ல விஷயம், சட்டப்படி பதிவு செய்து அனுப்புகிற கடைக்கு இந்த வடிகட்டலே பாதுகாப்பு.

தமிழில் அனுப்பப்போகிறீர்கள் என்றால் ஒரு நடைமுறைக் கணக்கு. ஆங்கில எஸ்.எம்.எஸ். ஒன்றில் 160 எழுத்து போகும். தமிழில் 70 தான். அதிலும் தமிழ் எழுத்தை மெஷின் நம்மைப் போல எண்ணாது. 'தீ' நமக்கு ஓர் எழுத்து. அதற்கு த ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'தீபாவளி' நமக்கு நாலு எழுத்து, மெஷினுக்கு ஏழு. கொஞ்சம் நீட்டி எழுதினால் ஒரு செய்திக்கு மூன்று செய்தியின் காசு போகும். அதனால் பலர் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். நான் தாவாதீர்கள் என்பேன். மாம்பலம் மார்க்கெட்டில் காய் வாங்கும் அம்மாவுக்குப் புரியும்படி இரண்டே வரி எழுதுங்கள்: கடைப் பெயர், என்ன கிடைக்கும், எந்தத் தேதி வரை, நிறுத்த எந்த நம்பர். டெம்ப்ளேட்டை அதே எழுத்துக்கூட்டலில் அனுப்புங்கள். ஒரு ஒற்று மாறினாலும் டெம்ப்ளேட் பொருந்தவில்லை என்று செய்தி திரும்பிவிடும்.

ஏஜென்ட் இவ்வளவையும் வேண்டாம் என்பார். "நம்மகிட்ட சிம் இருக்கு, ஒரு செய்திக்கு இத்தனை பைசாதான்" என்பார். அந்த வழியின் முடிவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புரசைவாக்கத்தில் ஒரு பாத்திரக்கடை. டெலிவரிப் பையன்களுக்காகக் கடைப் பெயரில் வாங்கிய ஆறு சிம்களை ஏஜென்ட் வாங்கிக்கொண்டு, மடிக்கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டு, பத்து இலக்க நம்பர்களிலிருந்தே ஆடித் தள்ளுபடிச் செய்தியை இரண்டு நாள் அனுப்பினார். மூன்றாவது நாள் கடைக்காரர் கூப்பிட்டார். குரலே இல்லை. கடையிலிருந்து ஒரு போன் கால்கூட வெளியே போகவில்லை என்றார். பதிவில்லாத நம்பரிலிருந்து விளம்பரம் அனுப்பினால், பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை தொடங்கும். முதல் முறை அந்த அனுப்புநரின் எல்லா இணைப்புகளிலும் வெளிச்செல்லும் சேவை 15 நாள் நிறுத்தம். மறுபடி நடந்தால் எல்லா இணைப்பும் ஒரு வருடத்துக்குத் துண்டிப்பு, கறுப்புப் பட்டியல். புகார் சொல்ல வாடிக்கையாளர் 1909-க்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும், டிராயின் டி.என்.டி. செயலியும் இருக்கிறது. செய்தி வந்து ஏழு நாள் வரை சொல்லலாம். அந்தக் கடைக்காரர் ஆடி மாதம் முழுக்க மனைவியின் போனில் வியாபாரம் செய்தார். ஏஜென்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிம் அவர் பெயரில் இல்லையே.

போன் செய்து விளம்பரம் சொல்வதற்கும் இதே விதிதான். விளம்பர அழைப்புக்கு 140-ல் தொடங்கும் நம்பர் வரிசை இருக்கிறது. உங்கள் கைபேசியிலிருந்து ஆளை வைத்துக் கூப்பிடச் சொல்லாதீர்கள்.

வாட்ஸ்அப் டி.எல்.டி. வலைக்குள் வராது. அதனால் அங்கே எது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று ஏஜென்ட்கள் சொல்வது தவறு. தரவுச் சட்டம் அங்கேயும் பொருந்தும். வாட்ஸ்அப்பின் சொந்த வணிகக் கொள்கையும் முன்சம்மதம் கேட்கிறது. நிறையப் பேர் பிளாக் செய்தால் உங்கள் நம்பரின் தரம் இறங்கி, ஒருநாள் கணக்கே போய்விடும். பல வருடமாக வாடிக்கையாளர்கள் ஆர்டர் அனுப்பிய நம்பர் போவது சின்ன இழப்பா? சின்ன அளவில் தொடங்க பிராட்காஸ்ட் பட்டியல் போதும். 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதுவும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். சேமித்தவர் என்றால் உங்களை விரும்பியவர் என்று அர்த்தம். அந்த 256 பேர், 22,000 பேரைவிட அதிகம் வாங்குவார்கள் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

ரீல்ஸ் பற்றி. பணம் கொடுத்தாலும், பணம் இல்லாமல் புடவை மட்டும் கொடுத்தாலும் அது விளம்பரம்தான். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. படம் ஓடும்போதே, கண்ணில் படும்படி, பேசும் மொழியிலேயே 'விளம்பரம்' என்று போட வேண்டும். கடைசியில் இருபது ஹேஷ்டேக்குக்குள் புதைக்கக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம், அடுத்து 50 லட்சம் வரை அபராதம் போடலாம். விளம்பரத்தில் வருபவரை ஒரு வருடம் வரை எதற்கும் விளம்பரம் செய்யாதபடி தடுக்கலாம். வருபவர்களிடம் இதைச் சொல்லி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பாவம், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடாதீர்கள். சொந்தக் கணக்கில் எல்லாரும் போடுகிறார்களே என்று கடை விளம்பரத்துக்கும் போட்டால், பாட்டின் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் வரும். நடிகர் படமும் அப்படித்தான். ஒரு பிரபலத்தின் பெயர், உருவம், பாணி அவர் அனுமதி இல்லாமல் வணிகத்துக்குப் பயன்படக்கூடாது என்று ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. முதல் நாள் முதல் காட்சிக் கூட்டத்தைக் குறிவைத்து ஸ்டார் படம் போட்டு பேனர் அடிக்கும் கடைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியாக அந்த 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 2022 ஜூன் மாத வழிகாட்டு நெறிமுறைகளின்படி, நிபந்தனை எந்த மொழியில் விளம்பரம் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தமிழில் பெரிதாக '50% தள்ளுபடி', கீழே ஆங்கிலத்தில் எறும்பு போல நட்சத்திரக் குறி, இது செல்லாது. பெரிய எழுத்தில் சொன்னதை மறுக்கவும் அதைப் பயன்படுத்தக்கூடாது. 'இன்றே கடைசி' என்று பத்து நாள் தொடர்ந்து போடுவதும் அதே ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் ஒன்றான பொய் அவசரத்தில் சேரும்.

அச்சகத்துக்கு இன்றே போன் செய்யுங்கள். கூப்பன் ஓடத் தொடங்கியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அட்டை தயாராகியிருந்தால் வீணாகாது: வரிசை எண்ணை எடுத்துவிட்டு, கிழித்துப் பெட்டியில் போடும் துண்டுப் பகுதியை வெட்டிவிட்டு, ஸ்கூட்டர் படம் இருந்த இடத்தில் இதை அச்சிட்டுக் கொள்ளுங்கள்: "ரூ.3,000-க்கு மேல் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு காட்டன் துண்டு நிச்சயம். குலுக்கல் இல்லை. இந்தச் சீட்டை பில்லோடு காட்டி இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். தீபாவளி வரை." ஏற்கெனவே அச்சான பழைய கூப்பன்களைக் கடையில் எங்கும் வைக்காதீர்கள். வேலைக்கு வரும் பையன் தெரியாமல் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்துவிடுவான்.

டி.எல்.டி. பதிவுக்கு விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். ஹெட்டர், டெம்ப்ளேட் ஒப்புதல்கள் பண்டிகை நெருங்க நெருங்க தாமதமாகும். டெம்ப்ளேட் வாசகத்தை எழுதி அனுப்பினால் எழுத்து எண்ணிப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.